கருவாட்டில் விழுந்த கரி

பிளாரன்ஸ் படித்தது மூன்றாம் வகுப்பு. தூத்துக்குடிக் கடற்கரையில் நெத்திலியைக் காயவைத்துக் கருவாடாக்கி விற்றவர். அவருக்கு எதிராக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

என் பெயர் அய்யாக்குட்டி. சொந்த ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு, 1973-ல் தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலையில் ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்தேன். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். ஊரில் எல்லோரும் அதைக் கம்பெனி என்றுதான் சொன்னார்கள்.

கம்பெனியின் கிழக்குச் சுவருக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது செபஸ்தியார் குடியிருப்பு. தொண்ணூறு வீடுகள், பாதி ஓடு, பாதி ஓலை. எல்லோரும் கடல் தொழில் பார்க்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள். கம்பெனிக்குப் போகிற மின்கம்பி அவர்கள் தலைக்கு மேலேதான் போனது. ஆனால் ஒரு வீட்டிலும் மின்விளக்கு கிடையாது. கேட்டவர்களுக்கு, மின்வெட்டு தீரட்டும், பார்க்கலாம் என்று பதில் கிடைத்திருந்தது.

பிளாரன்ஸுக்கு அப்போது முப்பத்தாறு வயது இருக்கும். கரைக்கு வரும் வள்ளங்களில் நெத்திலி வாங்கி, மணலில் வலை விரித்துக் காயப்போடுவார். உச்சி வெயிலில் இரண்டு தடவை புரட்டிவிட வேண்டும். நெத்திலிக் கருவாட்டுக்கு வெள்ளி மாதிரி நிறம் இருக்க வேண்டும். நிறம் மங்கினால் மொத்த வியாபாரி தொட மாட்டான். காய்ந்ததில் நல்லதை வியாபாரிக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பெட்டியில் சுமந்து ஆற்றுப் பாசன ஊர்களின் சந்தைகளுக்குக் கொண்டுபோவார். அவர் கணவர் மனுவேல் கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை பார்த்தவர். சரக்கு மூட்டை சரிந்து காலில் விழுந்ததில் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. கடலுக்குப் போக முடியாமல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். இன்ஜின்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆயில்மேன் வேலை.

அந்த இன்ஜின்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை பொய்த்து அணைகள் வற்றிக் கிடந்த வருடங்கள் அவை. தண்ணீரில் எடுக்கிற மின்சாரம் குறைந்துபோய், பெரிய ஆலைகளுக்குக் கடுமையான மின்வெட்டு வந்தது. கம்பெனி நான்கு பெரிய எண்ணெய் இன்ஜின்களை நிறுவிச் சொந்தமாக மின்சாரம் எடுக்க ஆரம்பித்தது. அவை குடித்தது கப்பலுக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெய். தார் மாதிரி இருக்கும், சூடாக்கினால்தான் ஓடும். இன்ஜின்களின் புகைக்குழாய் ஒரு பனைமர உயரம்கூட இல்லை. உயரமாகக் கட்டினால் நாளாகும் என்று அவசரத்தில் அப்படியே ஓட்டிவிட்டார்கள். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தப் புகை நேராகக் கீழே இறங்கிக் குடியிருப்புக்குள் புகுந்தது.

விழுந்தது வெறும் தூசு இல்லை. தூசு என்றால் உதறினால் போய்விடும். இது கடுகளவு, சில நாள் மிளகளவு, கறுப்பாக மெதுவாக இறங்கும். தொட்டால் விரலில் பிசுபிசுவென்று இழுவும். காய்கிற நெத்திலியில் பட்டால் அந்த இடம் புள்ளி விழுந்து மண்ணெண்ணெய் நாற்றம் ஏறிவிடும். கழுவினால் மீன் கெட்டுப்போகும், கழுவாவிட்டால் விற்காது. குடத்துத் தண்ணீரில் மிதந்தது. துணியில் ஒட்டியது. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் மூக்கோரத்தில் இருந்தது.

பிளாரன்ஸ் முதலில் தனியாகக் கம்பெனி வாசலுக்குப் போனார். வாசலில் நின்றவன் விரட்டினான். அடுத்த வாரம் இருபது பெண்களோடு, கரி விழுந்த கருவாட்டை ஓலைப்பெட்டி நிறையக் கொண்டுபோய் வாசலில் வைத்தார். மேலாளர் சங்கரலிங்கம் வெளியே வந்து பார்த்துவிட்டு, இது உப்பளத்திலிருந்து காற்றில் வருகிற அழுக்கு, கடற்கரை என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்றார். பெண்கள் நகரவில்லை. கம்பெனி ஆய்வகத்தில் சோதித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்து அனுப்பினார்.

சோதித்தவன் நான்தான். ஒரு முழுநாள் வேலை. ஈதரில் போட்டதும் எண்ணெய் பிரிந்தது. எரித்துப் பார்த்ததில் பெரும்பகுதி கரி. கந்தக அமிலமும் இருந்தது. கடைசியில் வழக்கமான உப்புச் சோதனையும் செய்தேன். கடற்கரையில் எதை எடுத்துச் சோதித்தாலும் கொஞ்சம் உப்பு காட்டும், இதிலும் காட்டியது. எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். அவர் படித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"உப்பு இருக்குல்லா?" என்று கேட்டார்.

"இருக்கு சார். ரொம்பக் கொஞ்சம்."

"எவ்வளவுன்னு நான் கேக்கல. இருக்குன்னு நீரே எழுதியிருக்கீரு. அத மட்டும் எழுதிக் கொண்டாரும். கண்டதத்தான எழுதுதீரு, பொய் ஒண்ணும் இல்லல்லா."

எனக்கு இருபத்து மூன்று வயது. வீட்டில் நான் அனுப்புவதை எதிர்பார்த்து நாலு பேர் இருந்தார்கள். இதையெல்லாம் சாக்காகச் சொல்ல மாட்டேன். அதே வயதில், அதைவிடப் பெரிய குடும்பத்தை வைத்துக்கொண்டு சரியாக நடந்தவர்கள் இருக்கிறார்கள். நான் போய், "மாதிரியில் உப்பு காணப்பட்டது" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த வரியில் பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குக் கோபம். பொய் சொல்லியிருந்தாலாவது பொய்யன் என்று ஒரு பெயர் மிஞ்சியிருக்கும்.

குடியிருப்பில் அந்த வரியைப் படித்துக் காட்டினார்கள். பெண்கள் திகைத்துப் போனார்கள். படித்தவர்கள் சோதித்துச் சொன்ன பிறகு என்ன பேசுவது என்று சிலர் ஒதுங்கிக்கொண்டார்கள். பிளாரன்ஸ் ஒதுங்கவில்லை. அவருக்கு ஒரு விஷயம் புரியாமல் இருந்தது. இன்ஜின் நாள் முழுக்கத்தான் ஓடுகிறது. ஆனால் கரி மட்டும் காலையில் லேசாக இருந்து பிற்பகலில் கொட்டுகிறது, அது ஏன்? வேலை முடிந்து வந்த கணவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார். மனுவேல் முதலில் நழுவப் பார்த்திருக்கிறார். வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு. பிளாரன்ஸ் விடவில்லை.

"ரெண்டு மணி வாக்குல ஆபீஸ், கெஸ்ட் அவுஸ், குவார்ட்டர்சு எல்லாத்துலயும் ஏசியப் போட்டிருவாவ," என்றார் மனுவேல். "புல்லுக்குத் தண்ணி பாய்ச்சுத மோட்டாரும் அப்பந்தான் ஓடும். மூணு இன்ஜினு தாங்காது. நாலாவதயும் எடுப்போம். அது பழசு. திங்கதுல பாதியக் கக்கிரும்."

"அப்பம் அவிய அங்கன சுச்சியப் போட்டா இங்கன எம்மீனு மேல விழுது."

"அப்பிடிச் சொல்ல முடியுமாளா? பிளாண்டும்தான் ஓடுது."

"பிளாண்டு காலையிலயும் ஓடுதுல்லா?"

இதைப் பின்னாளில் மனுவேலே என்னிடம் சொன்னார். கம்பெனியில் இருந்த படித்தவர்கள் எங்கள் அத்தனை பேருக்கும் தோன்றாத கணக்கு அது. இயந்திரத்துக்குப் போகிற மின்சாரத்தை நாங்கள் அளந்தோம். கெஸ்ட் அவுசில் யாரும் தங்காத நாளிலும் ஓடுகிற ஏசியை ஒருவரும் அளக்கவில்லை. மின்வெட்டு என்று ஊரே அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, குவார்ட்டர்ஸ் புல்வெளி பச்சையாக இருந்தது. அந்தப் பச்சைக்கான கறுப்பு சுவருக்கு அந்தப்புறம் விழுந்தது. அந்தப்புறம் இருந்தவர்களுக்கு ஒரு குண்டு பல்புகூட இல்லை.

பிளாரன்ஸ் பங்குச் சாமியாரைக் கொண்டு ஒரு மனு எழுதவைத்தார். அது போகவேண்டிய இடத்துக்குப் போய், 1974 ஆடி மாதத்தில் ஓர் அரசு அதிகாரி விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. கம்பெனியில் அன்றைக்கு என்ன நடக்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். இரண்டு இன்ஜின்தான் ஓட வேண்டும், அதுவும் சுத்தமான டீசலில். பிளாண்டில் ஒரு பகுதிக்கு விடுமுறை. ஆபீசிலும் குவார்ட்டர்சிலும் ஒரு மணிச் சங்கு ஊதுகிறவரை ஏசியோ மோட்டாரோ போடக் கூடாது. அதிகாரி பத்து மணிக்கு வந்து பன்னிரண்டுக்குள் போய்விடுவார் என்பது கணக்கு.

அவர் வந்தது பதினொன்றுக்கு. கருவாடு காய்கிற மணலுக்கே நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை போட்ட, அதிகம் பேசாத மனிதர். மேலே பார்த்தார். புகைக்குழாயில் புகை இருப்பதே தெரியவில்லை. மேலாளர் என் காகிதத்தை நீட்டினார். அதிகாரி அதைச் சத்தமாகப் படித்தார். பிளாரன்ஸ், அதை எழுதியது யார் என்று கேட்டார். மேலாளர் தன் பின்னால் நின்றிருந்த என்னைக் கைகாட்டினார். பிளாரன்ஸ் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்குள் போய் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் வைத்தார்.

ஒன்றில் உப்பளத்து உப்பைப் போட்டுக் கலக்கினார். கரைந்துவிட்டது. இன்னொன்றில், தன் கூரை ஓட்டிலிருந்து வழித்து வைத்திருந்த கறுப்பைப் போட்டுக் கலக்கினார். அது கரையவில்லை. மேலே மிதந்து, வெயிலில் எண்ணெய்ப் படலம் நிறம் நிறமாக மின்னியது.

"சார், ரெண்டும் உப்புன்னா ரெண்டும் கரையணும்லா?" என்றார். "இது எந்த அளத்துல வெளஞ்ச உப்புன்னு இந்தத் தம்பியக் கேட்டுச் சொல்லுங்க."

அதிகாரி என்னைப் பார்த்து, நீ கண்டது முழுவதும் இதில் இருக்கிறதா என்று கேட்டார். கேட்டதை மட்டும் எழுதினேன் என்றேன். அந்தப் பதிலைச் சொன்ன வாய் என்னுடையதுதான். அவர் மேலாளர் பக்கம் திரும்பி, எந்த எண்ணெய், எத்தனை இன்ஜின் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். மேலாளர் ஒவ்வொன்றுக்கும் நீளமாகப் பதில் சொன்னார். அப்படி நீட்டியதுதான் அவர் செய்த தவறு. நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை. ஒரு மணிச் சங்கு ஊதியது.

குவார்ட்டர்சில் காலையிலிருந்து புழுங்கிக்கொண்டிருந்தவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. சங்கு ஊதியதும் எல்லாச் சுவிட்சும் ஒன்றாக விழுந்தன. இன்ஜின் சத்தம் கனத்து, திணறி, மாறியது. சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுப் பக்கம் வந்து, கூட்டத்துக்குப் பின்னால் எண்ணெய் உடுப்போடு நின்றிருந்தார் மனுவேல். "நாலாவதயும் எடுத்துட்டாவ," என்று தனக்குத் தானே சொன்னதுபோல் சொன்னார். அதிகாரி அவரைக் கூப்பிட்டு என்ன என்று கேட்டார்.

மேலாளர் மனுவேலையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுவேல் பார்த்தது பிளாரன்ஸை. பிறகு, கோணல் காலை மாற்றி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். தினமும் நாலு இன்ஜின். இன்றைக்கு மட்டும் இரண்டு. ஏசியை எல்லாம் அணைத்து வைத்திருந்தார்கள். இப்போது போட்டிருக்கிறார்கள். பழைய இன்ஜினுக்கு டீசல் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, அதில் கெட்டி எண்ணெய்தான் இருக்கிறது. "இன்னும் அஞ்சு நிமிசம் நில்லுங்க சார்," என்றார்.

அதிகாரி நின்றார். எல்லோரும் நின்றோம். குழாயிலிருந்து கறுப்பாக ஒரு தூண் எழும்பியது. கச்சான் அதை வளைத்துக் கீழே தள்ளியது. என் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் மேலும் அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளிலும் கரி இறங்கியது. அவர் தட்டிவிடப் பார்த்தார். அது இழுவியது.

மனுவேலை எட்டாம் நாள் வேலையிலிருந்து எடுத்தார்கள். அனுமதியில்லாமல் வேலை இடத்தை விட்டுப் போனதாகக் காரணம் எழுதினார்கள். சாப்பாட்டு இடைவேளையில் தன் வீட்டு வாசலில் நின்றது குற்றம். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. உண்மையைச் சொன்னவர் தெருவில், பாதியை விழுங்கியவன் ஆய்வகத்தில். அந்த மாதச் சம்பளத்தை வாங்கியபோது கை கூசியது, ஆனால் வாங்கினேன்.

ஆனால் பிளாரன்ஸ் கொடுத்த மனுவுக்குப் பலன் இருந்தது. புகைக்குழாயை நூற்று முப்பது அடிக்கு உயர்த்த வேண்டும் என்று முடிவாகி, அடுத்த வருடம் கட்டி முடித்தார்கள். திறந்த அன்றைக்குப் பந்தல் போட்டு, மேலாளர் மேடையில் பேசினார். கம்பெனிக்குக் கடற்கரை மக்கள் மேல் உள்ள அக்கறையைப் பற்றி நிறையச் சொன்னார். குடியிருப்புக்கு இரண்டு தெருவிளக்கும் கொடுத்தார்கள். முன்வரிசையில் உட்காரவைத்திருந்த பிளாரன்ஸுக்கு ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். கரி விழுவது நின்றது. மணலில் நெத்திலி பழைய நிறத்தில் காய்ந்தது. வியாபாரிகள் திரும்ப வந்தார்கள். மனுவேலுக்குப் புதுத் துறைமுகத்தில் கிரேனுக்குக் கிரீஸ் போடும் வேலை கிடைத்தது. கதையை இங்கே முடித்துக்கொள்ள எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

கார்த்திகையில் காற்றுத் திரும்பி வாடை அடிக்க ஆரம்பித்தது. வடகிழக்கிலிருந்து நிலத்தைப் பார்த்து அடிக்கிற காற்று. பிளாரன்ஸ் வழக்கம்போலக் கருவாட்டுப் பெட்டியோடு கொற்கைக்குப் போகும் வழியில் ஒரு வயல்காட்டுக் கிராமத்துக்குப் போனார். தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கே பேச்சித்தாய் என்ற பெண் அவருக்கு நெடுநாள் வாடிக்கை. ஆற்றுப் பாசனத்தில் ஒரு துண்டு வயல் வைத்திருந்தவர். பிளாரன்ஸ் போனபோது பேச்சித்தாய் களத்தில் அவித்த நெல்லைக் காயப்போட்டுக்கொண்டு எரிச்சலில் இருந்தார். நெல்லின் மேல் மைபோல ஏதோ படிகிறது, பனியோடு இறங்குகிறது, பூசணி இலையைத் தொட்டாலும் விரல் கறுக்கிறது, பக்கத்து ஊர்ச் சுண்ணாம்புச் சூளைக்காரன் என்னத்தை எரிக்கிறானோ என்று வைதார்.

பிளாரன்ஸ் பெட்டியை இறக்கிவைத்து ஒரு பூசணி இலையைத் தடவிப் பார்த்தார். கடுகளவாக இல்லை, நைசாக இருந்தது. ஆனால் இழுவியது. முகர்ந்து பார்த்தார். குளத்துக் கரையில் ஏறி நின்று தூத்துக்குடித் திசையைப் பார்த்தார். பனைகளுக்கு மேலே ஒரு கறுத்த கோடு, கயிறு கட்டி இழுத்ததுபோல், இவர்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

அவர் சும்மா இறங்கி வந்து கருவாட்டை விற்றுவிட்டுப் போயிருக்கலாம். சூளைக்காரன் தலையில் பழி கிடந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்திருக்கலாம். அதுதான் எளிது.

"பேச்சித்தாயி, இது சூளையில்ல. எங்க ஊருப் பொகை," என்றார். "உசரமாக் கெட்டுங்கன்னு நாங்கதான் கேட்டு வாங்குனோம்."

பேச்சித்தாய் நெல்லை விட்டு நிமிர்ந்தார். "எங்க மேல போடச் சொல்லியா கேட்டிய, யக்கா?" என்றார்.

"இல்ல. எங்க மேல போடாதியன்னு கேட்டோம். பொறவு எங்கன போடுவியன்னு கேக்காம வந்துட்டோம்."

அன்று மாலையே குடியிருப்பில் பெண்களைக் கூட்டிச் சொன்னார். அவர்கள் அசையவில்லை. நமக்கு விழவில்லை, நீ ஏன் ஊரான் நெல்லுக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்றார்கள். மறுபடி போய்ச் சண்டை போட்டால் தெருவிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இருட்டிலேயே கிடந்தவர்களுக்கு இரண்டு விளக்கைக் கொடுத்து வாயை அடைப்பது எவ்வளவு மலிவு என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. பிளாரன்ஸ் கூட்டத்தை விட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு சில வீடுகளில் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை பேச்சித்தாயைக் கூட்டிக்கொண்டு நேரே மேலாளர் அறைக்கு வந்தார். பழைய கோப்பை எடுத்துவரச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சித்தாய் முந்தியில் முடிந்து வந்த நெல்லை மேசையில் அவிழ்த்துக் காட்டினார். சங்கரலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது.

"ஒங்க குடியிருப்புல விழுதா இப்பம்?" என்று பிளாரன்ஸைக் கேட்டார்.

"இல்ல சார்."

"ஒன் கருவாடு வெள்ளையா இருக்குல்லா? பொறவு ஒனக்கு என்ன?"

"எங்கருவாடு வெளுக்கதுக்கு இவ நெல்லு கறுக்கணுமா, சார்?" என்றார் பிளாரன்ஸ். குரலை உயர்த்தவில்லை. "பொகையக் கொறைங்கன்னு வந்து நின்னோம். நீங்க தூரமாத் தூக்கி எறிஞ்சிட்டு எங்களுக்குக் குடம் குடுத்திய. அந்த ஏசி எல்லாம் இன்னும் ஓடுதுல்லா? ஆளில்லாத ரூமுல ஓடுதத அமத்தினாலே ஒரு இன்ஜின நிறுத்தலாம்னு எங்க வீட்டுக்காரரு அன்னைக்கே சொன்னாரு. அதுக்கு இத்தன உசரத்துக்குச் செங்கல் எதுக்கு?"

மேலாளர் மணியை அடித்து, இவர்களை வெளியே அனுப்பச் சொன்னார். நெல் மேசையில் கிடந்தது. அதைத் துடைக்கச் சொன்னது என்னை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேச்சித்தாயின் ஊருக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. இலை, நெல், ஓடு, கிணற்றுத் தொட்டி என்று பத்து இடத்தில் மாதிரி எடுத்தேன். ஒரு வாரம், வேலை நேரம் முடிந்த பிறகு ஆய்வகத்தில் இருந்து சோதித்தேன். எண்ணெய், கரி, அமிலம், உப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று இந்த முறை ஒன்றையும் விடாமல் எழுதினேன். எங்கள் குழாயில் வழித்த கரியையும் அதே சோதனைக்கு உட்படுத்திப் பக்கத்தில் எழுதினேன். முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டு மூன்று படிகளைப் பிளாரன்ஸின் கையில் கொடுத்தேன். அவருக்கு வாசிக்க வராது என்று நினைத்து, என்ன எழுதியிருக்கிறேன் என்று சொல்லப் போனேன். அவர் எழுத்துக் கூட்டி, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் பார்த்தார். முடித்ததும், "இத அன்னைக்கே எழுதியிருக்கலாம்லா, தம்பி," என்றார்.

அதே அதிகாரியிடம்தான் போனோம், நாங்கள் மூன்று பேரும். அவர் எல்லாவற்றையும் படித்தார். உண்மை என்று அவருக்குத் தெரிந்தது, முகத்திலேயே தெரிந்தது. தண்ணீரைக் கெடுக்கக் கூடாது என்று போன வருடம்தான் சட்டம் வந்திருக்கிறது என்றார். "காற்றுக்கு இன்னும் சட்டம் இல்லம்மா," என்றார்.

"அதுவரைக்கும் மூச்ச எங்கன வாங்கி வைக்கணும்?" என்று கேட்டார் பிளாரன்ஸ். அதிகாரி எங்கள் புது மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். அது நெருக்கடி நிலைக் காலம். கூட்டம் போடவோ வாசலில் நிற்கவோ முடியாது. மனு இருந்த இடத்திலேயே இருந்தது. என்னை ஒரு மாதத்தில் வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆய்வகப் பொருட்களைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. இந்தத் தடவை எனக்கு வெட்கமாக இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

அடுத்த இரண்டு வாடைக்காலமும் பேச்சித்தாயின் களத்தில் நெல் கறுத்தது. அவர் வீட்டில் மாமனாருக்கு இருந்த மூச்சு இழுப்பு அதிகமானது. அது புகையால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்று அவர்களும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கச் சொல்லி அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. பிளாரன்ஸ் ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில், காற்றுத் திரும்புவதற்கு முன்னால், புதிதாக ஒரு மனுக் கொடுத்தார். நான் எழுதிக் கொடுத்தேன். அவரும் பேச்சித்தாயும் பெயரெழுதினார்கள். குடியிருப்பில் பேச்சை நிறுத்தியவர்களில் சிலர் மூன்றாம் வருடம் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

1978-ல் இன்ஜின்கள் நின்றன. எங்கள் மனுவால் அல்ல. மழை பெய்து, வெளி மின்சாரம் ஒழுங்காக வர ஆரம்பித்தது. அது எண்ணெயைவிட மலிவு. அவ்வளவுதான் காரணம். பேச்சித்தாயின் பூசணி இலை பச்சையானதற்கு ஒருவரும் பந்தல் போட்டுப் பேசவில்லை.

மறுவருடம் செபஸ்தியார் குடியிருப்புக்கு மின் இணைப்புக் கொடுத்தார்கள். பிளாரன்ஸ் வேண்டாம் என்பார் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். நான் பார்க்கப் போயிருந்தபோது அவர் வீட்டில் வயரிங் நடந்துகொண்டிருந்தது. மனுவேல் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்பார்த்தவர்களைப் பற்றிச் சொன்னதும் பிளாரன்ஸுக்குக் கோபம் வந்தது.

"நான் எதுக்கு வேண்டாம்ங்கணும்? எங்க தொண்ணூறு வீட்டுப் பல்பையும் சேத்தாலும் அவிய ஒரு கெஸ்ட் அவுசுக்குக் காணாது," என்றார். பிறகு, இந்தக் கரண்டை எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டார். கொஞ்சம் தண்ணீரில், மிச்சம் தூரத்தில் நிலக்கரி எரித்து என்றேன். அந்தப் புகைக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

"படிச்சவியல்லா, கேட்டுச் சொல்லுங்க தம்பி," என்றார்.

கேட்டேன். பல அலுவலகங்களில், பல வருடங்கள். எங்கே எத்தனை மெகாவாட் என்று எல்லோரும் உடனே சொன்னார்கள். யார் மேல் விழுகிறது என்று கேட்டால் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். அது ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததில் ஒருவருக்கும் வெட்கமும் இல்லை.